கூட்டம் என்ற சொல்லை இடமறிந்து எழுதுவது எப்படி

எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும். ஒரு மழை நாளில் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். இன்னும் பத்துப் பேராவது வந்தால் பேச வந்திருக்கும் ஆசிரியைக்கு மரியாதையாக இருக்குமே என்ற எண்ணத்தில், வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் "இன்று கூட்டம் இல்லை" என்று எழுதிப் போட்டேன். ஆள் குறைவாக இருக்கிறது, கிளம்பி வாருங்கள் என்பதே நான் சொல்ல நினைத்தது. படித்தவர்களோ நிகழ்ச்சியே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பாதி வழி வந்துவிட்ட ஒருவர் பேருந்திலிருந்து இறங்கித் திரும்பிப் போனதாகப் பின்னர் சொன்னார். ஆசிரியை முகம் சுளிக்காமல் நால்வருக்கும் ஒரு மணி நேரம் பேசினார் என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பிழை என்னுடையது என்றாலும், அதற்கு வாய்ப்பளித்தது அந்தச் சொல்லின் இயல்பு. கூட்டம் என்பது வந்து கூடிய மக்களையும் குறிக்கும், அவர்கள் கூடி நடத்தும் நிகழ்ச்சியையும் குறிக்கும். "கூட்டத்தில் கூட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரமமின்றிப் புரிகிறது. முதலாவது நிகழ்ச்சி, இரண்டாவது ஆட்கள். பேச்சில் குரலும் சூழலும் துணைக்கு வருவதால் குழப்பம் நேர்வதில்லை. எழுத்தில் அந்தத் துணை கிடையாது. அறிவிப்பு எழுதுவோர், செய்தி எழுதுவோர், சங்கங்களின் குறிப்பேட்டை வைத்திருப்போர் ஆகியோர் நாள்தோறும் புழங்கும் சொல் இது என்பதால், இதை எப்படி ஐயமின்றி எழுதுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வேரிலிருந்து தொடங்குவோம்

ஆடு என்ற வினையிலிருந்து ஆட்டம், ஓடு என்பதிலிருந்து ஓட்டம், வாடு என்பதிலிருந்து வாட்டம், நாடு என்பதிலிருந்து நாட்டம் என்று டகரம் இரட்டித்துப் பெயர்ச்சொல் பிறப்பதைப் போலவே, கூடு என்ற வினையிலிருந்து கூட்டம் பிறந்திருக்கிறது. ஆகவே அதன் அடிப்பொருள் கூடுதல் என்னும் செயல்தான். கூடியவர்கள், கூடி நடத்துவது ஆகிய பொருள்கள் அந்தச் செயலிலிருந்து கிளைத்தவை. எத்தனை பேர் கூடினால் கூட்டம் என்பதற்கு இந்த வேரில் வரையறை எதுவும் இல்லை. பழைய அகப்பொருள் இலக்கணத்தில் 'பாங்கற் கூட்டம்' என்றால் தோழனின் உதவியால் தலைவன் தலைவியைச் சேர்வது, 'பாங்கியிற் கூட்டம்' என்றால் தோழியின் உதவியால் சேர்வது. அங்கே இருவர் கூடினாலே கூட்டம். இன்றைய வழக்கில் இருவரைக் கூட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சட்டமோ தன் தேவைக்கு ஓர் எண்ணை வைத்திருக்கிறது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, சட்டவிரோதமான பொது நோக்கத்துடன் ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்தால்தான் அது சட்டவிரோதக் கூட்டம்.

அதே வினையிலிருந்து வந்த மற்ற சொற்களோடு சேர்த்துப் பார்த்தால் இச்சொல் இன்னும் தெளிவாகும். கூட்டணி, கூட்டாளி, கூட்டுறவு, கூட்டுக்குடும்பம், கணக்கில் வரும் கூட்டல், பருப்பும் காயும் சேர்ந்த கூட்டு என்று எல்லாவற்றிலும் சேர்தல் என்ற பொருள் ஓடுகிறது. மதுரைக்குக் கூடல் என்ற பெயரும் உண்டு. 'கூடாது' என்ற மறுப்புச் சொல்லும் இந்த வினையின் குடும்பம்தான். அதனால்தான் "இங்கே கூட்டம் கூடக் கூடாது" என்ற எச்சரிக்கைப் பலகையில் ஒரே வேர் மூன்று முறை மூன்று வேலை செய்கிறது.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் மூன்று சொற்களை அடுத்தடுத்து வைத்துப் பழக்குவது நல்லது. கூடம் என்பது வீட்டின் நடுப்பகுதி அல்லது பெரிய அறை, பள்ளிக்கூடத்தில் வருவதும் அதுதான். அதில் டகரம் மெலிந்து ஒலிக்கும். கூட்டம் என்பதில் டகரம் இரட்டித்து அழுத்தமாக ஒலிக்கும். கூடு என்ற பெயர்ச்சொல் பறவையின் வீடு. அது வேற்றுமை ஏற்கும்போது இரட்டித்துவிடுவதால், "குருவி கூட்டில் இருக்கிறது" என்பதும் "குருவி கூட்டத்தில் இருக்கிறது" என்பதும் கேட்பதற்கு நெருங்கியும் பொருளில் விலகியும் நிற்கும். மகரத்தில் முடியும் கூட்டம் 'அத்து' என்ற சாரியை பெற்றுக் கூட்டத்தில், கூட்டத்துக்கு, கூட்டத்தோடு என்று வரும்; கூடு அப்படி வராது. இந்த 'அத்து' ஒன்றைக் கவனித்தாலே பிள்ளைகள் தடுமாறமாட்டார்கள்.

பொருளைத் தீர்மானிப்பது வினை

கூட்டம் என்ற சொல்லை எழுதியவுடன் அடுத்து வரும் வினையைக் கவனிக்க வேண்டும் என்பதே என் முதல் அறிவுரை. நெரிகிறது, அலைமோதுகிறது, முண்டியடிக்கிறது, வழிவிடுகிறது, சிதறி ஓடியது என்றால் ஆட்கள். நடந்தது, தொடங்கியது, முடிந்தது, ஒத்திவைக்கப்பட்டது, ரத்து செய்யப்பட்டது என்றால் நிகழ்ச்சி. இந்த வினைகள் கட்சி மாறுவதில்லை. கலைந்தது, முடிந்தது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்தது" என்றால் நன்றியுரை சொல்லியாயிற்று என்று பொருள். "எட்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது" என்றால் வந்தவர்கள் அவரவர் வழியில் போய்விட்டார்கள் என்று பொருள். மழை வந்து மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டம் கலைவது உண்டு. முடிந்த பிறகும் கலையாமல் டீக்கடையில் நின்று பேசும் கூட்டமும் உண்டு.

எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய வினைகள் மூன்று: இரு, இல்லை, கூடு. "கூட்டம் இருக்கிறது", "கூட்டம் இல்லை", "கூட்டம் கூடியது" ஆகிய மூன்றுமே இரண்டு பொருளிலும் செல்லும். என்னை அன்று சிக்கவைத்ததும் இவற்றில் ஒன்றுதான். பேச்சுத் தமிழ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஆட்களைச் சொல்லும்போது 'ஆக' சேர்த்துக் "கூட்டமாக இருக்கிறது" என்பார்கள். "வங்கியில் கூட்டமாக இருக்கிறது" என்று கேட்ட எவரும் வங்கியில் நிகழ்ச்சி நடப்பதாக நினைக்கமாட்டார்கள். எதிர்மறையில் "கூட்டம் அதிகமில்லை" என்று அளவுச் சொல் ஒன்றை நடுவில் வைத்தால் போதும். நிகழ்ச்சியைச் சொல்வதானால் "கூட்டம் நடைபெறாது" என்று முழுமையாக எழுதிவிட வேண்டும்.

கூட்டு என்ற பிறவினையிலும் ஒரு நுட்பம் உண்டு. "தலைவர் கூட்டத்தைக் கூட்டினார்" என்றால் முறைப்படி அழைப்பு விடுத்து உறுப்பினர்களை வரச் செய்தார் என்று பொருள். "தெருவில் நின்று கத்திக் கூட்டம் கூட்டினான்" என்றால் வேடிக்கை பார்க்க ஆட்களைத் திரட்டினான் என்று பொருள். 'ஐ' உருபு வெளிப்பட்டு நிற்பது முறையான நிகழ்ச்சியைக் காட்டுவதையும், உருபு மறைந்து நிற்பது ஆட்களைக் காட்டுவதையும் பெரும்பாலான இடங்களில் காணலாம். "கூட்டம் போடுவது" பேச்சு வழக்கில் நிகழ்ச்சி நடத்துவது. "கூட்டம் சேர்ப்பது" என்றால் ஆட்களை அழைத்து வந்து காட்டுவது என்ற குறிப்பு வந்துவிடும், ஆகவே அதை மதிப்புக்குரிய நிகழ்ச்சியின் அறிவிப்பில் எழுதக்கூடாது. தூய்மை செய்வதற்கும் கூட்டு என்ற வினை இருப்பதால், கூட்டத்தைக் கூட்டியவர்களே கூடத்தையும் கூட்டிவிட்டுப் போனார்கள் என்று எழுத நம் மொழி இடங்கொடுக்கிறது. சிறு அமைப்புகளை நடத்துவோர் பலருக்கு அது அப்படியே உண்மையும்கூட.

ஒருமை, பன்மையைப் பற்றிச் செய்தித்தாள்களிலேயே பிழை பார்க்கிறேன். கூட்டம் அஃறிணை ஒருமைச் சொல். ஆயிரம் பேர் இருந்தாலும் "கூட்டம் ஆர்ப்பரித்தது" என்றுதான் முடிக்க வேண்டும். "கூட்டம் ஆர்ப்பரித்தனர்" என்பது பிழை. மனிதர்களை மனிதர்களாகவே சொல்ல விரும்பினால் கூட்டத்தினர் என்று எழுதி, ஆர்ப்பரித்தனர் என்று முடிக்கலாம். "கூட்டம் கூட்டமாக" என்று அடுக்கி வந்தால் அது வினைக்கு அடைமொழியாகிவிடுவதால், எழுவாய் வேறாக இருக்கும்: "பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர்."

முன்னால் நிற்கும் சொல்லும் ஒற்றெழுத்தும்

வினையை மாற்ற வழியில்லாத இடங்களில், தலைப்பு எழுதும்போது குறிப்பாக, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். பொதுக்கூட்டம், தெருமுனைக் கூட்டம், ஆலோசனைக் கூட்டம், இரங்கல் கூட்டம், தொழிற்சங்கத்தார் ஆலை வாசலில் நடத்தும் வாயிற்கூட்டம், தேவாலயத்தார் நடத்தும் ஜெபக்கூட்டம், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் ஆகிய எதையும் எவரும் ஆட்கள் என்று படிக்கமாட்டார்கள். மறுபக்கம் மக்கள் கூட்டம், ரசிகர் கூட்டம், யானைக் கூட்டம், பறவைக் கூட்டம், கொள்ளைக் கூட்டம் ஆகியவை நிகழ்ச்சிகள் அல்ல. ஆட்டுக்கு மந்தை என்றும், எறும்புக்குச் சாரை என்றும் தனிச் சொற்கள் இருக்கும்போது அவற்றையே எழுதுவது அழகு.

கூட்டத்தொடர் என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டு. அது சட்டப்பேரவையோ நாடாளுமன்றமோ அடுத்தடுத்துப் பல நாட்கள் கூடும் காலம் முழுவதையும் குறிக்கும். மழைக்காலக் கூட்டத்தொடர் வாரக்கணக்கில் நடக்கும். அதில் ஒரு நாள் நடந்ததை "இன்றைய கூட்டம்" அல்லது "இன்றைய அமர்வு" என்று எழுதலாமே தவிர, இன்றைய கூட்டத்தொடர் என்று எழுதக்கூடாது.

ஒற்று மிகும் இடங்களைப் பொறுத்தவரை எல்லா விதிகளையும் இங்கே அடுக்கவில்லை. அன்றாடம் தேவைப்படுபவை மட்டும். பொதுக்கூட்டம், கட்சிக் கூட்டம், செயற்குழுக் கூட்டம், பாராட்டுக் கூட்டம், அந்தக் கூட்டம், எந்தக் கூட்டம் என்பவற்றில் க் மிகும். பெரிய கூட்டம், சிறிய கூட்டம், நேற்று நடந்த கூட்டம் என்று பெயரெச்சம் முன்னால் வந்தால் மிகாது. ஊர்க்கூட்டத்தில் மிகும், ஆனால் மாணவர் கூட்டத்தில் மிகாது. இரண்டும் ரகர ஒற்றில் முடிந்தாலும் மாணவர் என்பது உயர்திணைப் பெயர் என்பதே காரணம். கூட்டம் முன்னால் நின்றால் மகரம் கெடும்: கூட்ட அரங்கு, கூட்ட நெரிசல், கூட்டக் குறிப்பு.

சபையும் கூட்டமும் ஒன்றல்ல

அவை, மன்றம், சபை, கழகம், சங்கம் ஆகியவை நிலைத்து நிற்கும் அமைப்புகளின் பெயர்கள். கூட்டம் என்பது அந்த அமைப்பு ஒரு குறிப்பிட்ட நாளில் கூடும் நிகழ்வு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கிராம சபையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் சேர்ந்ததே கிராம சபை. அது ஆண்டின் எல்லா நாட்களிலும் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், 2022இல் சேர்க்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் நடப்பது கிராம சபைக் கூட்டம். "நம்ம ஊரில் கிராம சபை மே 1 அன்றுதான்" என்று சொல்லும்போது, மற்ற நாட்களில் அந்தச் சபைக்கு உரிமை இல்லை என்ற எண்ணத்தை நாமே வளர்த்துவிடுகிறோம். நான் அங்கத்தினன் என்பது ஆண்டு முழுதும் உண்மை. கூட்டம் மட்டும்தான் அந்த நாளுக்கு உரியது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்தக் குறைந்த அளவுக்கு அரசு ஆவணங்களில் குறைவெண் வரம்பு என்று பெயர். பேச்சில் கோரம் என்பார்கள்.

பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் பலரும் அறிந்தவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரார் தங்களை 'ஊரோம்' என்றும் சபையார் தங்களைச் 'சபையோம்' என்றும் தன்மைப் பன்மையில் சொல்லிக்கொள்வார்கள். சபைக்கு ஒரு குரல் உண்டு, பொறுப்பு உண்டு, அது தன் பெயரால் கையெழுத்திட முடியும். கூட்டம் என்ற சொல் அந்த இடத்தில் நிற்காது. கலைந்துவிடப் போகும் ஒன்று யார் பெயரால் வாக்குக் கொடுக்கும்? எனவே தீர்மானம் எழுதும்போது "கூட்டம் முடிவு செய்தது" என்று எழுதாமல், "கூட்டத்தில் சங்கம் முடிவு செய்தது" என்று முடிவுக்கு உரியவரைச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வழக்கம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவை மரியாதைக்குரிய சொல். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களே அதற்காக உள்ளன. மேடையேறியவர் "அவையோர்க்கு வணக்கம்" என்பாரே தவிரக் கூட்டத்தாருக்கு வணக்கம் என்று சொல்லமாட்டார். கழகம் என்ற சொல் திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறித்தது. இன்று பல்கலைக்கழகத்திலும் அரசியல் கட்சிகளின் பெயர்களிலும் அமர்ந்திருக்கிறது. பேராளர்கள் பல ஊர்களிலிருந்து வந்து, பல அமர்வுகளாக நடப்பது மாநாடு. செய்தியாளர்களை அழைத்துப் பேசுவது சந்திப்பு.

கும்பல் என்ற சொல்லைத் தஞ்சைப் பக்கத்தில் சிலர் "கோயிலில் ஒரே கும்பல்" என்று குற்றமற்ற பொருளில் பேசுவார்கள். எழுத்தில் அப்படி எழுதினால் வன்முறையின் வாடை வந்துவிடும். போராட்டச் செய்தியில் கும்பல், கூட்டம், திரள் என்ற மூன்றில் எதைத் தேர்கிறோம் என்பது அங்கே நின்ற மனிதர்களைப் பற்றிய தீர்ப்பாகவே படிக்கப்படும். கடையை உடைத்தவர்களைக் கும்பல் என்று எழுதலாம். பேருந்து வசதி கேட்டுச் சாலையில் உட்கார்ந்த பெண்களை அப்படி எழுதுவது அநீதி.

"அந்தக் கூட்டத்தோடு சேராதே" என்று வீட்டில் சொல்லும்போது கூட்டமும் இழிவுப் பொருள் பெறுகிறது. திருமண அழைப்பிதழில் "சுற்றமும் நட்பும் சூழ" என்று அச்சிடுகிறோம், "திரளாக வந்து வாழ்த்துங்கள்" என்கிறோம். கூட்டமாக வாருங்கள் என்று எவரும் அச்சிடுவதில்லை. அதே திருமணம் முடிந்த மறுநாள், "நல்ல கூட்டமா?" என்று கேட்டால் அது அன்பான விசாரிப்பு. எள் போட்டால் எள் விழ இடமில்லை என்று பெண்ணின் தந்தை பதில் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் நிறைவு அந்தச் சொல்லுக்கும் உரியது.

ஊருக்கு ஊர்

ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கோவை, கரூர் வட்டாரங்களில் "நீங்க எந்தக் கூட்டம்?" என்று ஒரு பெரியவர் கேட்டால், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கொங்கு வேளாளரிடையே கூட்டம் என்பது குலப்பிரிவின் பெயர்: ஆந்தை கூட்டம், காடை கூட்டம், பயிரன் கூட்டம், செங்கண்ணன் கூட்டம் என்று பல. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை, ஆகவே தங்களுக்குள் பெண் எடுப்பதோ கொடுப்பதோ இல்லை. அந்த வட்டாரத்துச் செய்தியை எழுதும் வெளியூர்க்காரர் "கூட்டத்தினர் கோயிலில் கூடினர்" என்பதைத் திரண்டு வந்தவர்கள் என்று மாற்றிவிட்டால் பொருளே போய்விடும். அங்கே கூடியவர்கள் ஒரு குலதெய்வத்தின் மக்கள்.

யாழ்ப்பாணத் தமிழில் ஆட்கள் மிகுந்திருப்பதைச் சொல்ல "சரியான சனம்" என்பார்கள். பழைய மாணவர்கள், ஊரவர்கள் கூடும் நிகழ்ச்சிக்கு 'ஒன்றுகூடல்' என்ற அழகான சொல்லை ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் புழங்குகிறார்கள். உறவைப் புதுப்பிக்கக் கூடுவதற்கும் முடிவெடுக்கக் கூடுவதற்கும் இப்படித் தனித்தனிச் சொல் இருப்பது பெரிய வசதி. தமிழ்நாட்டிலும் நாம் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அறிவிப்பு எழுதும் முறை

ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பலகையில் இப்படி எழுதியிருந்ததாக வைத்துக்கொள்வோம்: "ஞாயிறு கூட்டம். அனைவரும் வரவும்." இதில் என்ன கூட்டம் என்பது இல்லை, எதற்கு என்பது இல்லை, வராவிட்டால் என்ன இழப்பு என்பதும் இல்லை. இதையே, "நம் தெருவின் குடிநீர்க் குழாயை மாற்றுவது பற்றி முடிவெடுக்கச் சங்கத்தின் சிறப்புப் பொதுக்கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு விநாயகர் கோயில் மண்டபத்தில் நடைபெறும், வீட்டுக்கு ஒருவராவது வந்து கருத்தைச் சொல்ல வேண்டுகிறோம்" என்று எழுதினால், கூட்டம் என்ற சொல்லுக்கு முன்னால் வகையும் பின்னால் வினையும் வந்து காவல் நிற்கின்றன. பொருளை முதலில் வைத்ததையும் கவனியுங்கள். குழாய் என்று கண்டவுடன் தண்ணீர் வராத வீட்டுக்காரர் நின்று படிப்பார்.

குறிப்பேட்டில் எழுதும்போது, "கூட்டம் நிறைய இருந்தது" என்று எழுதாமல், "கூட்டத்துக்கு 42 உறுப்பினர்கள் வந்திருந்தனர்" என்று எண்ணை எழுத வேண்டும். நிறைய என்பது எழுதியவரின் எண்ணம். 42 என்றால் அடுத்த ஆண்டு கேட்பவருக்கும் பதில் சொல்லும். ஒத்திவைத்தால் எந்த நாளுக்கு என்று அதே வரியில் எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அவசரமாகத் தெரிவிக்கும்போதும் இந்த முறையை விடக்கூடாது. அந்த மழை நாளுக்குப் பிறகு எங்கள் வாசகர் வட்டத்தில் ஆள் குறைந்தால் நான் அனுப்பும் செய்தி இதுதான்: "கூட்டம் 5.30க்குத் தொடங்கும். இதுவரை நான்கு பேர் வந்திருக்கிறோம். உங்களுக்காகக் காத்திருக்கிறோம்."